கட்டிலுக்கு அடியில் மயிர்ப்புழு, ஜன்னலில் புள்ளி வண்டு: கம்பள வண்டை எப்படி ஒழிப்பது?

நீலத்தாமரை:

வணக்கம். கொஞ்ச நாளாகப் படுக்கை அறை ஜன்னல் விளிம்பில் குட்டி வண்டுகள் கிடக்கின்றன. கடுகை விடக் கொஞ்சம் பெரிது, உருண்டை உடம்பு, முதுகில் பழுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக இருக்கிறது. விரல் பட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்த மாதிரி கிடக்கும், கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நகர்ந்து போய்க்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வருகிறது போல என்று கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தோம்.

போன வாரம் கட்டிலை நகர்த்தினோம். அடியில் கம்பளத்தின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் மயிர் முளைத்த புழுக்கள், பக்கத்திலேயே அதே உருவத்தில் காலியான தோல்கள், ஊதினால் பறக்கிற அளவுக்கு லேசாக. கம்பளத்தில் அந்த இடத்தில் மட்டும் முடி உதிர்ந்து அடித்துணி தெரிகிறது. அலமாரியின் கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்த கம்பளிப் போர்வையிலும் ஓட்டை. அதற்கு மேலேயே இருந்த பருத்தித் துணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தேடிப் பார்த்ததில் கம்பள வண்டு என்று தெரிகிறது. என் கேள்விகள்: கம்பளத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? அறையை மூடிவிட்டுப் புகைக்குண்டு மாதிரி ஒன்று வெடிக்க வைப்பார்களே, அது போதுமா? பையனுக்குக் கழுத்திலும் கையிலும் அரிப்போடு தடிப்பு வருகிறது, இது கடிக்குமா? வீட்டில் பூனை வேறு இருக்கிறது, அதனால் எந்த மருந்தையும் யோசித்துத்தான் தொட வேண்டும். கம்பளத்துக்கு வயது அதிகம், ஆனால் அம்மா கொடுத்தது, முடிந்தவரை காப்பாற்றப் பார்க்கிறேன்.

எறும்புவரிசை:

நீங்கள் சொல்கிற திட்டுத்திட்டு முதுகு, காலை மடக்குகிற பழக்கம், மயிர்ப்புழு, காலித்தோல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கம்பள வண்டுதான். பெரும்பாலும் ஆந்த்ரீனஸ் வெர்பாசி என்கிற பலநிறக் கம்பள வண்டு, 1767-ல் லின்னேயஸ் என்கிற உயிரியலாளர் பெயர் வைத்த பழைய ஆள். வண்டு 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். இன்னொரு வகை முழுக்கக் கறுப்பாக, கொஞ்சம் நீளமாக இருக்கும், அது அட்டாஜீனஸ். புழுவை வைத்தும் பிரிக்கலாம்: பலநிற வண்டின் புழு குட்டையாக, பின்பக்கம் அகன்று, வெளிர் பழுப்பும் கரும்பழுப்புமாக வரி வரியாக இருக்கும். கறுப்பு வண்டின் புழு நீளமாக, வால் பக்கம் ஒடுங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு மயிர்க்கற்றை நீட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். ஜன்னலில் கிடக்கிற வண்டு உங்கள் துணியைத் தின்பதில்லை. வளர்ந்த வண்டுக்குப் பூந்தாதும் தேனும்தான் சாப்பாடு, வெளிச்சத்தை நோக்கிப் பறக்கும், அதனால்தான் ஜன்னலில் வந்து சாகிறது. தின்பதெல்லாம் புழு. அதற்கு வெளிச்சம் ஆகாது, இருட்டில், யாரும் தொடாத இடத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் தின்னும். குளிரும் உணவுக் குறைவும் இருந்தால் 2 வருடம் கூடப் புழுவாகவே இருக்கும். அப்புறம் கடைசித் தோலுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி வண்டாக வெளியே வரும். ஆக ஜன்னலில் வண்டைப் பார்க்கிறீர்கள் என்றால் புழு வீட்டுக்குள் ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டுக்கு ஆயுள் சில வாரம்தான், ஆனால் அதற்குள் ஒரு பெண் வண்டு பல பத்து முட்டைகளைத் தூசி படிந்த மூலைகளில் இட்டுவிடும்.

பருத்தித் துணி தப்பியதற்குக் காரணம் இருக்கிறது. கம்பளி, ரோமம், இறகு, தோல், கொம்பு எல்லாவற்றிலும் கெரட்டின் என்கிற புரதம் உண்டு. பெரும்பாலான பூச்சிகளால் செரிக்க முடியாத அந்தப் புரதத்தை இந்தப் புழுவால் செரிக்க முடியும். பட்டும் புரத நூல்தான், அதையும் தின்னும். பருத்தி, பாலியெஸ்டர் போன்றவற்றைத் தனியாகத் தின்னாது, ஆனால் வியர்வைக் கறையோ சாப்பாட்டுக் கறையோ பட்ட பருத்தியையும் கம்பளியோடு கலந்து நெய்த துணியையும் விட்டுவைக்காது. உதிர்ந்த தலைமுடி, பூனையின் முடி, செத்த ஈ இவையெல்லாம் கூட அதற்குச் சாப்பாடுதான்.

பையன் விஷயம்: இது கடிக்காது, இரத்தம் குடிக்காது. ஆனால் புழுவின் உடம்பில் உள்ள நுண்மயிர்கள் முனையில் அம்பு போல அமைந்தவை, எளிதாகக் கழன்று காற்றிலும் படுக்கையிலும் கலக்கும். சிலருக்கு அது பட்டால் அரிப்பும் சிறு தடிப்புகளும் வரும், பூச்சிக்கடி என்றே தோன்றும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆனால் தடிப்புக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மெத்தைத் தையல் ஓரங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டையான செம்பழுப்புப் பூச்சிகளோ மைப்புள்ளி போன்ற கறைகளோ இருந்தால் அது மூட்டைப்பூச்சி, அதற்கு வைத்தியமே வேறு.

சாரல்:

எதற்கு இவ்வளவு? அந்துருண்டையை அலமாரியிலும் கம்பளத்துக்கு அடியிலும் போட்டு விடுங்கள், கூடவே லாவெண்டர் எண்ணெய் தெளியுங்கள், தானாக ஓடிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம்.

வீட்டுப்பறவை:

சாரல், கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இந்த ஆலோசனையால் ஆபத்து வரலாம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அந்துருண்டை வேலை செய்வது அதன் ஆவியால். காற்றுப் புகாத பெட்டிக்குள் ஆவி அடர்ந்து நின்றால்தான் புழு சாகும். திறந்த அறையில், கம்பளத்துக்கு அடியில் போட்டால் புழுவுக்கு ஒன்றும் ஆகாது, அதே ஆவியைத் தூங்குகிற குழந்தைதான் இரவெல்லாம் சுவாசிக்கும். பல அந்துருண்டைகளில் இருக்கிற நாப்தலின், ஜி6பிடி என்கிற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், பூனையோ சின்னக் குழந்தையோ உருண்டையை வாயில் போட்டுவிட்டால் இன்னும் மோசம். இன்னொன்று: நாப்தலின் உருண்டையையும் பாராடைகுளோரோபென்சீன் என்கிற இன்னொரு வகை அந்துருண்டையையும் ஒரே பெட்டியில் கலக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்து இளகித் துணியில் கறையாகிவிடும். லாவெண்டர், சிடார் மரக்கட்டை இவற்றையெல்லாம் நம்பி உட்கார வேண்டாம். வாசனை போதாமல் இல்லை, ஏற்கெனவே உள்ளே இருக்கிற புழு அந்த வாசனையைக் கண்டுகொள்ளாது.

நீலத்தாமரை, கம்பளத்தை எறிய வேண்டாம். இதில் முக்கால்வாசி வேலையை வேக்யூம் கிளீனரே முடித்துவிடும், ஆனால் அதை எங்கே பிடிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அறையின் நடுவில் நாம் நடக்கிற இடத்தில் புழு இருக்காது. கட்டில் கால்களின் கீழே, அலமாரிக்கு அடியில், சுவரும் தரையும் சேருகிற பலகை இடுக்கில், கம்பளத்தின் விளிம்பு மடிப்பில், சோபா மெத்தைகளைத் தூக்கினால் தெரிகிற பள்ளத்தில், கதவுக்குப் பின்னால், ஏசி காற்று வருகிற துளையின் வாயில், இந்த இடங்களில் ஒல்லியான குழாய் முனையைப் போட்டு நிதானமாக, ஒவ்வோர் அங்குலமாக இழுங்கள். கம்பளத்தை அப்படியே சுருட்டி எடுத்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். அடிப்பக்க நெசவுக்குள்தான் முட்டையும் குட்டிப்புழுவும் ஒட்டிக்கொண்டிருக்கும், மேலே மட்டும் உறிஞ்சினால் அது அசையாது. அந்தப் பக்கத்தைக் கெட்டியான தூரிகையால் தேய்த்துக்கொண்டே வேக்யூம் பிடியுங்கள். முடிந்ததும் பையைக் கட்டி வீட்டுக்கு வெளியே குப்பையில் போட வேண்டும். பை இல்லாத மாதிரி என்றால் தொட்டியை வெளியே கொட்டிவிட்டுச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். உள்ளேயே விட்டால் அதற்குள்ளேயே முடியையும் தூசியையும் தின்று வளரும்.

கம்பளத்தைத் துவைக்கிறவர்களிடம் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். முடியாது என்றால் வேக்யூம் செய்த பிறகு நீராவி இயந்திரத்தை மிக மெதுவாக ஓட்டலாம். சூடு நெசவின் அடி வரை இறங்கினால்தான் பலன், வேகமாக ஓட்டினால் ஈரம் மட்டும்தான் மிஞ்சும். ஆனால் கம்பளி சுருங்கும், சாயம் இறங்கும், முதலில் ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள். நல்ல வெயிலில் விரித்து இருபக்கமும் அடித்துத் துலக்குவதும் உதவும். வெளிச்சத்துக்குப் பயந்து புழு வெளியே வரும், முட்டையும் உதிரும், ஆனால் வெயில் மட்டுமே எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று நினைக்க வேண்டாம்.

துணிகளில், 60 டிகிரித் தண்ணீர் தாங்குகிற விரிப்புகளை அந்தச் சூட்டில் துவையுங்கள், முட்டை முதல் வண்டு வரை எல்லாம் போய்விடும். தாங்காத கம்பளி, பட்டு எல்லாம் உலர்சலவைக்கு. தலையணையும் மெத்தையும் இறகு அடைத்தவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பலருக்கு அதுவே மறந்துபோகும். அலமாரிகளைக் காலி செய்து மூலைகளையும் திருகாணித் துளைகளையும் உறிஞ்சுங்கள்.

முதல் மாதத்தில் வாரம் இரண்டு மூன்று தடவையாவது இதைச் செய்ய வேண்டும். ஒரே நாளில் பெரிதாகச் சுத்தம் செய்துவிட்டு விடுவது வேலைக்கு ஆகாது, ஏனென்றால் முட்டை பொரிக்க ஓரிரு வாரங்கள் எடுக்கும், குளிர்ந்த அறையில் அதற்கும் மேலே. முதல் தடவை தப்பிய முட்டை அப்புறம்தான் புழுவாகும்.

மருந்துப்பெட்டி:

நான் பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையில் இருக்கிறவன், அதனால் மருந்து பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

புகைக்குண்டு வேண்டாம், கண்டிப்பாக வேண்டாம். அந்தப் புகை மேலே எழும்பி மெல்ல இறங்கி வெளியே தெரிகிற பரப்பில் படியும். பலகை இடுக்குக்குள், கம்பளத்துக்கு அடியில், துணி மடிப்புக்குள் அது போகாது. புழு அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான புகைக்குண்டுகளில் தீப்பிடிக்கக்கூடிய வாயு இருக்கும், அடுப்போ எரிகிற சுடரோ இருக்கிற வீட்டில் விபத்தே நடந்திருக்கிறது. கடைசியில் மேசை, பொம்மை, பாத்திரம் எல்லாவற்றிலும் மருந்து படிந்து கிடக்கும், புழு நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும்.

மருந்து தேவைப்பட்டால் அது விளிம்பிலும் இடுக்கிலும்தான். கம்பள வண்டுக்கு என்று லேபிலில் எழுதியிருக்கிற பைரித்ராய்டு வகை மருந்து, டெல்டாமெத்ரின் மாதிரி, சுவர் ஓரப் பலகை இடுக்கில் மெல்லிய கோடாக அடிப்பார்கள். காயும் வரை யாரும் அந்த அறைக்குள் போகக் கூடாது. உடுத்துகிற துணி, மெத்தை, தலையணை இவற்றில் அடிக்கவே கூடாது. பூனை வைத்திருக்கிறீர்கள் என்றால் பெர்மெத்ரின் என்கிற பெயரைப் பார்த்ததும் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுங்கள். பூனையின் உடம்பால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது, நடுக்கமும் வலிப்பும் வரும். மீன்தொட்டிக்கும் இந்த வகை மருந்துகள் ஆகாது.

டயட்டோமேசியஸ் எர்த் என்கிற வெண்பொடியைப் பற்றியும் பலர் கேட்பார்கள். அது நஞ்சு இல்லை, பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகை உறிஞ்சி உலர்த்திக் கொல்லும். காய்ந்த இடுக்குக்குள், கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லியதாகத் தூவினால் பயன் உண்டு. மேடாகக் கொட்டினால் புழு சுற்றிக்கொண்டு போய்விடும், உங்களுக்குத்தான் மூச்சுக்குள் போகும். நீச்சல் குளத்துக்கு விற்கிற பொடி வேறு, அதை வீட்டில் தூவக் கூடாது. மயிர் அடர்ந்த இந்தப் புழுவிடம் அது மெதுவாகத்தான் வேலை செய்யும், அதனால் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்ப முடியாது.

இப்போது முக்கியமான விஷயம். நான் போகிற வீடுகளில் மருந்து அடித்தும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் காரணம் ஒன்றுதான், மூல இடத்தை யாரும் தேடவில்லை. கம்பளம் அதற்கு இரண்டாவது வீடாகத்தான் இருக்கும். முதல் வீடு பறவைக்கூடு, கைவிட்ட குளவிக்கூடு, கூரைக்குள் செத்துக் காய்ந்த எலி, விளக்கு மூடிக்குள் குவிந்து கிடக்கிற செத்த ஈக்கள், இப்படி ஏதாவது ஒன்று. ஒரு தடவை ஒரு வீட்டில் பியானோவைத் திறந்தோம், உள்ளே சுத்திகளில் ஒட்டியிருக்கிற கம்பளி ஃபெல்ட் முழுக்கப் புழு, மூடியைத் தட்டினால் காலித்தோல் கொட்டியது. இன்னொரு வீட்டில் பதம் செய்து சுவரில் மாட்டிய மான் தலை. கறுப்பு வகையாக இருந்தால் தானிய டப்பா, மாவு, பூனைத் தீவனம் இவற்றையும் திறந்து பாருங்கள். உங்கள் ஜன்னலுக்கு வெளியே, ஏசி பெட்டிக்குப் பின்னால், காற்றோட்டத் துளைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு டார்ச்சோடு பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். எந்த ஜன்னலில் வண்டு அதிகம் கிடக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

பழையநூல்:

பழைய துணிகளைப் பாதுகாக்கிற வேலை எனக்கு. எங்கள் துறையில் இந்தப் பூச்சிக் குடும்பத்தோடு நீண்ட சண்டை. ஆந்த்ரீனஸ் மியூசியோரம் என்று ஒரு வகைக்கு அருங்காட்சியகத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள், பாடம் செய்த பறவைகளையும் ஊசியில் குத்திவைத்த பூச்சிச் சேகரிப்புகளையும் அப்படித் தின்று தீர்க்கும். இதே குடும்பத்தில் டெர்மெஸ்டிஸ் மாக்குலேட்டஸ் என்கிற வண்டை அருங்காட்சியகங்கள் வேண்டுமென்றே வளர்க்கின்றன, விலங்கின் எலும்புக்கூட்டிலிருந்து காய்ந்த சதையைச் சேதமில்லாமல் தின்று சுத்தம் செய்ய. அதே அருங்காட்சியகத்தில் அந்த வண்டுகளின் அறையை மட்டும் சேகரிப்பிலிருந்து தூரத்தில், இறுக்கமாக மூடி வைப்பார்கள்.

போர்வைக்கு வருகிறேன். மருந்தே வேண்டாம், ஆழ்குளிர்ப் பெட்டி போதும். எங்களுக்கு அதுதான் முதல் வழி. போர்வையைத் தளர்வாக மடித்துக் கெட்டியான பாலித்தீன் பையில் போட்டு, காற்றை நன்றாக வெளியேற்றி, ஒட்டுநாடாவால் மூடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் 2 வாரம் வையுங்கள். மைனஸ் 30 இருந்தால் 3 நாள் போதும், ஆனால் வீட்டுப் பெட்டிகள் அந்த அளவுக்குப் போகாது. அறைச் சூட்டிலிருந்து நேராகக் குளிருக்குள் போக வேண்டும். முதலில் சாதாரணக் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பழக்கினால் பூச்சி தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொள்ளும். பெட்டியை அடைத்து நெருக்காதீர்கள், தடித்த மூட்டையின் நடுவுக்குக் குளிர் போய்ச்சேர நாளாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கவே வேண்டாம், ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். சில்லென்றிருக்கிற துணியில் அறைக்காற்று பட்டால் ஈரம் படிந்துவிடும், பை மூடியிருந்தால் அந்த ஈரம் பைக்கு வெளியே நின்றுவிடும்.

பிறகு கவனமாக வெளியே கொண்டுபோய் உதறித் தூரிகையால் துலக்குங்கள். செத்த புழுவும் தோலும் உள்ளே இருந்தால் நுண்மயிர்களும் இருக்கும், பையனுக்கு அரிப்பு தொடரும். பெரிய கம்பளத்தைப் பெட்டிக்குள் வைக்க முடியாது என்பது தெரியும், அதற்கு வீட்டுப்பறவை சொன்ன வழிதான்.

துணிகளை எடுத்து வைக்கும் முன் துவைத்தே வையுங்கள். புழு ஓட்டை போட்டிருக்கிற இடத்தை உற்றுப் பார்த்தால் பாதிக்கு மேல் காலர், சட்டைக் கையின் முனை, அக்குள், சாப்பாடு சிந்திய மடி என்றுதான் இருக்கும். வியர்வை உப்பும் எண்ணெய்ப்பசையும் அதற்குச் சத்து. இன்னொரு அடையாளமும் சொல்கிறேன்: ஓட்டையைச் சுற்றிப் பட்டு போன்ற வலையோ நூல்குழாயோ இருந்தால் அது அந்துப்பூச்சியின் வேலை. கம்பள வண்டுப் புழு நூல் நூற்காது, தோலை மட்டும் விட்டுவிட்டுப் போகும்.

நீலத்தாமரை:

எல்லோருக்கும் நன்றி, நிஜமாகவே. மருந்துப்பெட்டி சொன்னபடி தேடினோம், கிடைத்துவிட்டது.

படுக்கை அறைச் சுவரில் கூரைக்குக் கீழே ஒரு காற்றோட்டத் துளை இருக்கிறது, வெளிப்பக்கக் கம்பி வலை துருப்பிடித்து ஒரு மூலை பெயர்ந்திருக்கிறது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் உள்ளே காய்ந்த கூடு ஒன்று, குஞ்சுகள் பறந்து போய் ரொம்ப நாளாகியிருக்கும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு அதை மெல்ல இழுத்ததும், புல்லுக்கும் இறகுக்கும் நடுவில் புழுக்கள் நெளிகின்றன, இறகுகளின் தண்டு மட்டும்தான் மிச்சம், ஓரமெல்லாம் தின்று போயிருந்தது. அடியில் காலித்தோல்கள் ஒரு விரல் கனத்துக்கு. அந்தத் துளை அலமாரிக்கு நேர் மேலே. அங்கிருந்து சுவரோடு இறங்கி அலமாரிக்குப் பின்னால் வந்து, கீழ்த்தட்டுப் போர்வைக்கும் அப்புறம் கம்பளத்துக்கும் போயிருக்கிறது என்று இப்போது புரிகிறது. கூட்டைப் பைக்குள் கட்டி அகற்றிவிட்டோம், துளைக்குள் வேக்யூம் போட்டோம், புதிய வலை வாங்க வேண்டும்.

போர்வை குளிர்ப்பெட்டிக்குள் போய்விட்டது. கம்பளத்தைச் சுருட்டி வெளியே எடுத்து அடிப்பக்கமும் தேய்த்தாயிற்று. தோல் மருத்துவர் பையனைப் பார்த்துவிட்டு மூட்டைப்பூச்சி மாதிரி தெரியவில்லை, அந்த மயிர்களால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று களிம்பு கொடுத்திருக்கிறார். படுக்கை விரிப்பை எல்லாம் சூடாகத் துவைத்த பிறகு அரிப்பு குறைந்திருக்கிறது.

இரண்டு சந்தேகம். எந்த அளவுக் கண்ணி வலை போட வேண்டும்? கூடு போன பிறகும் ஜன்னலில் ஒன்றிரண்டு வண்டு வருகிறது, வேலை வீணாகிவிட்டதா?

மருந்துப்பெட்டி:

நல்ல தேடல்! கூடு காலியானதா என்று பார்த்துவிட்டு எடுத்தது ரொம்பச் சரி. குஞ்சு இருக்கிற கூட்டைத் தொடக் கூடாது, பல இடங்களில் அது சட்டப்படியும் குற்றம். கூடு எடுத்த இடத்தில் பறவைப்பேன், உண்ணி கொஞ்ச நாள் சுற்றும், துளையின் உட்புறத்தைத் துடைத்துவிடுங்கள்.

வலை விஷயத்தில், பறவையை நிறுத்த எந்த வலையும் போதும், வண்டை நிறுத்தத்தான் கண்ணி சன்னமாக வேண்டும். வண்டே 2 மில்லிமீட்டர்தான் என்பதால் கண்ணி ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும், துருப்பிடிக்காத எஃகு வலையாக வாங்குங்கள். ஆனால் இவ்வளவு சன்னமான வலையில் தூசி அடைத்துக் காற்று நின்றுவிடும், அவ்வப்போது துடைக்க முடிகிற மாதிரி திருகாணியில் மாட்டுங்கள். அடுப்புப் புகையோ எரிவாயு ஹீட்டரின் புகையோ போகிற துளை என்றால் வலை போடும் முன் அதைப் பொருத்தியவரிடம் கேட்டுவிட வேண்டும்.

வண்டு இன்னும் வருவது தோல்வி இல்லை. கூட்டுப்புழுவாகிவிட்டது எதையும் தின்னாது, நீங்கள் என்ன சுத்தம் செய்தாலும் இடுக்கில் இருந்தபடியே வண்டாகிப் பறந்து வரும். ஜன்னல் விளிம்பில் ஒட்டும் அட்டை ஒன்று வையுங்கள், வாரத்துக்கு ஒரு தடவை எத்தனை ஒட்டியிருக்கிறது என்று தேதியோடு எழுதுங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் சரியான வழியில் இருக்கிறீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்தும் அதே அளவு என்றால், அல்லது வேறொரு அறையின் ஜன்னலில் வரத் தொடங்கினால், இன்னொரு மூலம் இருக்கிறது, அந்த அறையிலிருந்து தேடலை ஆரம்பியுங்கள். புதிதாகப் புழு கிடைக்கிறதா என்பதுதான் வண்டை விட முக்கியமான சேதி. வெயில் கூடுகிற மாதங்களில் அடுத்த வருடமும் சில வண்டுகள் வரலாம், புழுப்பருவம் அவ்வளவு நீளம்.

இப்போதைக்கு மருந்து தேவையில்லை என்றுதான் சொல்வேன். பூனை வேறு இருக்கிறது.

வீட்டுப்பறவை:

பூனை படுக்கிற மெத்தையை மறந்துவிடாதீர்கள்! அதில் உதிர்கிற முடி அப்படியே விருந்து. உறையைக் கழற்றி வாரம் ஒரு தடவை சூடாகத் துவையுங்கள், பூனையைச் சீவுகிற வேலையை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாடியில் தோட்டத்துப் பூ வைக்கிற பழக்கம் இருந்தால் உள்ளே கொண்டுவரும் முன் நன்றாக உதறிவிடுங்கள், கொத்துக் கொத்தாகப் பூக்கிற வெள்ளைப் பூக்களில் இந்த வண்டு உட்கார்ந்திருக்கும்.

கம்பளத்தைத் திரும்பப் போடும்போது ஒரு யோசனை. கட்டிலுக்கு அடியில் நுழையாத மாதிரி இடம் மாற்றிப் போட முடியுமா பாருங்கள். முடியாது என்றால் மாதம் ஒரு தடவை அதைத் திருப்பி, அடியில் இருந்த பக்கம் வெளிச்சத்துக்கு வருகிற மாதிரி சுழற்றுங்கள்.

நீலத்தாமரை:

கட்டிலையே சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டோம், கம்பளம் இப்போது முழுக்க வெளியே இருக்கிறது, முடி உதிர்ந்த மூலை மட்டும் நாற்காலிக்குக் கீழே. பூனை மெத்தை உறையைக் கழற்றியாயிற்று, உள்ளே மடிப்பில் ஒரு புழு இருந்தது. ஒட்டும் அட்டை நாளை வைக்கிறேன், மாதக் கடைசியில் எண்ணிக்கையை இங்கே எழுதுகிறேன்.